கள்ளப் பாஸ்போட்டோடு ஹீத்ரோவில் பிடிபட்டால்: கூண்டுக்குள் இருந்து நான் சொல்ல முடியாதவை

நீதிமன்றக் கூண்டுக்குள் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு. மற்றவர் சொல்வதை மட்டும் மொழிமாற்றிச் சொல்ல வேண்டும். தன் வாயிலிருந்து ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. "அக்கா, நான் இப்ப என்ன சொல்ல?" என்று ஒரு பிள்ளை காதுக்குள் கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் சட்டத்தரணியிடம் சொல்லி, அவர் தரும் பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்லலாம். அவ்வளவுதான். அக்ஸ்பிரிட்ஜ் நீதவான் நீதிமன்றத்திலும் ஐல்வேர்த் கிரவுன் நீதிமன்றத்திலும் நான் 23 வருடங்கள் அப்படி இருந்திருக்கிறேன். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கள்ளக் கடவுச்சீட்டோடு பிடிபடுகிறவர்களை அனேகமாக இந்த இரண்டு இடங்களுக்கும்தான் கொண்டுவருவார்கள்.

2023இல் ஓய்வு எடுத்தேன். அங்கே கேட்ட எவருடைய கதையையும் இன்றைக்கும் நான் வெளியே சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் சட்டம் எந்தப் படியில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லத் தடையில்லை. அதோடு, 2019 நவம்பரில் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகனே ஹீத்ரோவில் பிடிபட்டான். உறவுக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் பார்வையாளர் இருக்கையில் இருந்து முழுவதையும் பார்த்தேன். அவனிடம் கேட்டுத்தான் அவன் கதையை இதில் எழுதுகிறேன். உங்கள் வழக்கைக் கவனிக்கும் சட்டத்தரணியான சொலிசிட்டரின் ஆலோசனைக்கு இது பதில் ஆகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு உதவும்.

முதலில் குற்றப்பத்திரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள்

வீட்டுக்காரர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மாதம் கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் நான் கேட்பது, "என்ன பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள்?" என்று. இங்கிலாந்தில் இதற்கான சட்டம் 2010ஆம் ஆண்டின் அடையாள ஆவணச் சட்டம். அதில் 4ஆம் பிரிவு என்றால், தகாத நோக்கத்தோடு வைத்திருந்தது. ஆகக்கூடிய தண்டனை 10 வருடம். 6ஆம் பிரிவு என்றால், நியாயமான காரணம் இல்லாமல் வைத்திருந்தது. ஆகக்கூடியது 2 வருடம். 4ஆம் பிரிவு வழக்கை நீதவான் விசாரிக்க முடியாது, பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். 6ஆம் பிரிவு இரண்டு இடத்திலும் நடக்கலாம்.

"தகாத நோக்கம்" என்றதும் எங்கள் ஆட்கள் கொலை, கொள்ளை என்று நினைத்துப் பயப்படுவார்கள். சட்டம் சொல்வது அதுவல்ல. அந்தப் பாஸ்போட்டைக் காட்டி "நான் இன்னார்" என்று நிறுவ நினைத்தாலே போதும். குடிவரவு மேசையில் நீட்டினால் 4ஆம் பிரிவு வந்துவிடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. "அது கள்ளப் பாஸ்போட் இல்லை, மச்சானுடைய உண்மையான பாஸ்போட். முகம் கொஞ்சம் ஒத்துப்போகும், அதனால் கொண்டுவந்தேன்" என்பார்கள். தலைமாற்றினதும் (படத்தை மட்டும் மாற்றியதும்), முழுக்க அச்சடித்ததும், பொய் சொல்லி அலுவலகத்தில் எடுத்ததும், வேறொருவருடைய அசல் பாஸ்போட்டும் எல்லாம் இந்தச் சட்டத்தில் ஒன்றுதான். அப்படி இரவல் கொடுத்த மச்சானுக்கு இன்னும் பெரிய ஆபத்து. சட்டவிரோதக் குடிவரவுக்கு உதவியதாக அவர்மேல் வழக்குப் போடலாம். அந்தக் குற்றத்துக்கு முன்பு ஆகக்கூடியது 14 வருடமாக இருந்தது, 2022இல் ஆயுள் வரை உயர்த்திவிட்டார்கள். இரவல் கேட்டு யாராவது வந்தால் பாசத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள்.

காசு வாங்கி ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரர்களில், பாஸ்போட்டை விமானக் கழிவறையில் கிழித்துப் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பாஸ்போட் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை என்று அவர்கள் சொல்வது பொய். ஆவணம் இல்லாமல் குடிவரவு நேர்காணலுக்கு வருவதே 2004ஆம் ஆண்டு அடைக்கல, குடிவரவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் ஒரு குற்றம். ஆகக்கூடியது 2 வருடம். "ஏஜென்சி சொன்னான், கிழித்தேன்" என்பது பொதுவாக நியாயமான காரணமாகாது என்று அந்தப் பிரிவே எழுதி வைத்திருக்கிறது. அதைவிட மோசமான விஷயம், நான் கீழே சொல்லப்போகும் அகதிப் பாதுகாப்பு இந்த 2ஆம் பிரிவுக்குக் கிடையாது. கையில் இருக்கும் கள்ளப் பாஸ்போட்டைவிடக் கிழித்தெறிந்த பாஸ்போட் அதிகம் கெடுதல் செய்யக்கூடும்.

முதல் சில மணி நேரம்

தங்கையின் மகன் கோலாலம்பூரில் ஏறி, டோகாவில் ஏழு மணி நேரம் காத்திருந்து, ஹீத்ரோவில் இறங்கினான். கையில் தலைமாற்றின மலேசியப் பாஸ்போட். மேசையில் இருந்த அதிகாரி பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு ஒரு கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். "இது யாருடையது?" என்று கேட்டதும் அவன் தன் உண்மையான பெயரைச் சொல்லி, இலங்கையிலிருந்து வருகிறேன், திரும்பிப்போனால் உயிருக்கு ஆபத்து, அகதியாகப் பதியுங்கள் என்று கேட்டான். இதெல்லாம் தமிழில்தான், ஆங்கிலம் தெரியாது. ஊரிலிருந்து புறப்படும்போது நான் போனில் சொல்லிக்கொடுத்த "அசைலம்" (அடைக்கலம்) என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் ஆங்கிலத்தில் சொன்னான். அந்தச் சொல்லும் உண்மைப் பெயரும்தான் பின்னால் அவன் வழக்கைத் தாங்கின.

பெயரும் பிறந்த திகதியும் முதல் நிமிடத்திலேயே உண்மையாக இருக்க வேண்டும். பொய்ப் பெயரிலேயே தண்டனை பெற்று, வருடக்கணக்காக அந்தப் பெயர் பதிவில் ஒட்டிக்கிடக்க, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

பொலிஸ் நிலையத்தில் இலவசமாகச் சொலிசிட்டர் கிடைப்பார், இலவசமாக மொழிபெயர்ப்பாளர் வருவார். இரண்டையும் கேளுங்கள். "சொலிசிட்டர் வேண்டுமென்று கேட்டால் பிந்தும்" என்று யாராவது சொன்னாலும் கேளுங்கள். நேர்காணலுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வாசிப்பார்கள். மூன்று பகுதிகள்: நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, பின்னால் நீதிமன்றத்தில் நம்பியிருக்கப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம், சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். நான் ஆயிரம் தடவைக்கு மேல் இதைத் தமிழில் சொல்லியிருப்பேன். நடுப் பகுதியைத்தான் பலர் தவறவிடுவார்கள். முதல் பகுதியைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது பயத்தில் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். எதைச் செய்வது என்பதைச் சொலிசிட்டரோடு தனியாகக் கதைத்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பேசும் தமிழ் விளங்கவில்லையென்றால் உடனே சொல்லிவிடுங்கள். மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். எங்கள் நீதிமன்றத் தமிழில் குற்றத்தை மறுப்பவரைச் "சுற்றவாளி" என்போம், தமிழ்நாட்டில் "நிரபராதி" என்பார்கள். வீடியோ இணைப்பில் குற்றவாளி, சுற்றவாளி இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். அதனால் நான் அந்தச் சொற்களையே விட்டுவிட்டு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். கேட்கிறவர் அப்படிக் கேட்காவிட்டால் நீங்கள் அப்படித் திருப்பிக் கேளுங்கள்.

31ஆம் பிரிவு: இதைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதானால் இதை வையுங்கள்.

உயிருக்குத் தப்பி வருகிறவருக்கு ஒழுங்கான பாஸ்போட் கிடைக்காது என்பது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் 31ஆம் உறுப்புரை, நேரே வந்து, தாமதிக்காமல் தன்னை வெளிப்படுத்தும் அகதியைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பிரித்தானியா அதில் கையெழுத்திட்டும் பல வருடங்கள் அகதிகளைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1999இல் ஒரு அல்ஜீரியருடைய அடிமி வழக்கில் உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அதே வருடம் குடிவரவு மற்றும் அடைக்கலச் சட்டத்தில் 31ஆம் பிரிவு வந்தது. உடன்படிக்கையிலும் 31, சட்டத்திலும் 31. ஞாபகம் வைக்க இலகு.

அந்தப் பிரிவு 2010 சட்டத்தின் 4, 6 ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் முழுமையான எதிர்வாதம். வென்றால் தண்டனை குறைவது மட்டுமல்ல, குற்றமே இல்லை. அகதியாக இருப்பவர், ஆபத்துள்ள நாட்டிலிருந்து நேரே வந்தவர், தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை வெளிப்படுத்தியவர், அப்படி வந்ததற்குத் தகுந்த காரணம் காட்டுபவர், கூடிய விரைவில் அகதி விண்ணப்பம் செய்தவர். இவ்வளவும் பொருந்த வேண்டும். வழியில் வேறு நாட்டில் தங்கியிருந்தால், அங்கே பாதுகாப்புக் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாது என்று காட்ட வேண்டும். எங்கள் பிள்ளை விஷயத்தில் சொலிசிட்டர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். மலேசியாவும் கட்டாரும் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடுகள்.

அவன் ஆறு கிழமை மறியலில், அதாவது விசாரணைக்கு முந்திய சிறைக்காவலில், இருந்தான். கிரவுன் நீதிமன்றத்தில் சொலிசிட்டர் 31ஆம் பிரிவை எழுத்தில் எழுப்பினார். வழக்கு அடுத்து எடுக்கப்பட்ட தவணையில் அரச தரப்பு சாட்சியம் எதையும் முன்வைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அதோடு வழக்கு முடிந்தது. அவனுக்கு என்ன நடந்தது என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடிக்குப் பின்னால் அவன் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன்.

இதே எதிர்வாதம் இருக்கிறதென்று ஒருவரும் சொல்லாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போன அகதிகள் பலர். 2013இல் மடேட்டா என்ற வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட பலரின் தீர்ப்புகளை ஒன்றாக எடுத்து இரத்துச் செய்தது. அவர்களுடைய சட்டத்தரணிகளே சரியாக ஆலோசனை சொல்லவில்லை என்பதுதான் காரணம். ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள்: "31ஆம் பிரிவு எனக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் ஏன்?" பதிலை எழுத்தில் கேட்கலாம்.

2022க்குப் பிறகு இது இறுகிவிட்டது. அந்த வருடத்துக் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டம் "நேரே வந்தவர்" என்பதை இன்னும் குறுக்கிவிட்டது. எங்கள் ஆட்களை இன்னொரு மாற்றமும் நேரடியாகத் தாக்குகிறது. முன்பு ஹீத்ரோவில் விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகும்போது பிடிபட்டவருக்கும் 31ஆம் பிரிவு உதவும் என்று 2008இல் அஸ்ஃபாவ் வழக்கில், அப்போது ஆக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்திருந்தது. வாஷிங்டனுக்குப் போகவிருந்த எத்தியோப்பியப் பெண் அவர். பிரித்தானியாவைவிட்டு வெளியேற முயலும்போது செய்த குற்றத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2022 சட்டம் எழுதிவிட்டது. லண்டன் வழியாகக் கனடா என்று ஏஜென்சி வரைந்துதரும் பாதை இன்றைக்கு அந்தப் பிள்ளையின் எதிர்வாதத்தையே பறித்துவிடக்கூடும்.

எப்போது ஒப்புக்கொள்வது

இங்கேதான் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது. குற்றத்தை முதல் சந்தர்ப்பத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். அதற்குப் பிந்தினால் நான்கில் ஒன்று. விசாரணை தொடங்கும் நாள் வரை போனால் பத்தில் ஒன்று. முதல் சந்தர்ப்பம் என்பது நீதவான் நீதிமன்றத்தின் முதல் தவணை. பிடிபட்டு ஓரிரு நாளில், தூக்கமில்லாமல், கீழ்த்தளச் செல்லில் சொலிசிட்டரைப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு ஏறி வரும் அந்த நாள். "எப்படியும் பிடித்துவிட்டார்கள், ஒப்புக்கொண்டால் குறையும்" என்று பிள்ளை நினைக்கும். 31ஆம் பிரிவு எழுப்பப்படாமல் போவது அந்தக் காலையில்தான்.

வழி இருக்கிறது. ஒப்புக்கொள்ளும் முன்னால் மேலதிக ஆலோசனையோ தகவலோ உண்மையாகத் தேவைப்பட்டிருந்தால், பிறகு ஒப்புக்கொண்டாலும் நீதிபதி முழு மூன்றிலொரு பங்கையும் கொடுக்கலாம் என்று நீதிபதிகளுக்குத் தண்டனை வழிகாட்டிகளை வகுக்கும் தண்டனைக் கவுன்சிலின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. "31ஆம் பிரிவு பற்றி ஆலோசனை தேவைப்படுவதால் இன்று பதில் சொல்லவில்லை" என்று சொலிசிட்டர் அன்றே நீதிமன்றத்தில் பதியச் செய்ய வேண்டும். பதிந்தால் அவகாசமும் கிடைக்கும், குறைப்பைப் பிறகு கேட்கவும் முகாந்திரம் இருக்கும்.

மாதக் கணக்கு

31ஆம் பிரிவு பொருந்தாது, குற்றம் உண்மை என்றால், கணக்கு நீண்ட காலமாக 2004ஆம் ஆண்டுக் கொலவோலே வழக்கிலிருந்துதான் தொடங்கியது. ஒரு பாஸ்போட், முன்குற்றம் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றாலும் வழக்கமாக 12 முதல் 18 மாதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்னால் சிங் வழக்கின்படி 6 முதல் 9 மாதமாக இருந்தது. உலக நிலைமையும் பொதுமக்களின் கவலையும் மாறியதால் கூட்டினார்கள்.

குடும்பங்கள் இதில் ஒரு கணக்குப் பிழை விடுவார்கள். 12இல் மூன்றிலொன்று போனால் 8 என்பார்கள். அந்த 12 முதல் 18 என்பது ஒப்புக்கொண்டவருக்கான எண்தான், குறைப்பு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மறுத்து விசாரணைக்குப் போய்த் தோற்றால் அதைவிடக் கூடும்.

எண்ணை மேலும் கீழும் தள்ளுபவை இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட பாஸ்போட், மற்றவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்தது, பணத்துக்காகச் செய்தது எல்லாம் கூட்டும். நாட்டுக்குள் நுழையப் பயன்படுத்தினால் ஒரு கணக்கு. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வேலை எடுக்கவோ வங்கிக் கணக்குத் திறக்கவோ பயன்படுத்தினால் பொதுவாக அதைவிடக் குறைவு. வயது, நோய், கர்ப்பம், சித்திரவதைக்கு உள்ளானதற்கான மருத்துவ அறிக்கை, கைக்குழந்தை எல்லாம் குறைக்கக்கூடியவை. ஆனால் யாராவது எழுத்தில் கொண்டுவந்து கொடுத்தால்தான் நீதிபதிக்குத் தெரியும். 2024இல் தண்டனைக் கவுன்சில் குடிவரவுக் குற்றங்களுக்கென்றே வழிகாட்டிகளை வரைந்து கருத்துக் கேட்டது, 2025இல் அவை நடைமுறைக்கு வந்தன. ஆகவே தீர்ப்பு நாளில் எந்த வழிகாட்டியின்படி கணக்குப் போடப்போகிறார்கள் என்று, நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டரிடம் கேளுங்கள். பழைய வழக்கில் யாருக்கோ கிடைத்த எண்ணை வைத்து மனக்கோட்டை கட்டாதீர்கள்.

12 மாதம் என்ற எண் ஏன் இவ்வளவு முக்கியம்? 2007ஆம் ஆண்டு எல்லைகள் சட்டத்தின்படி பிரித்தானியர் அல்லாத ஒருவருக்கு ஒரே குற்றத்துக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விழுந்தால், நாடுகடத்தல் தானாகவே தொடங்கும். அகதி உடன்படிக்கை, மனித உரிமை என்ற விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்காகப் போராட வேண்டும். 2022க்குப் பிறகு அகதிப் பாதுகாப்பை இழக்கச் செய்யும் "கடுமையான குற்றம்" என்பதற்கான வரம்பும் இரண்டு வருடத்திலிருந்து 12 மாதத்துக்கு இறங்கியிருக்கிறது. 11 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் இருப்பது வெறும் முப்பது நாள் என்று நினைக்காதீர்கள். பாரிஸ்டர் நீதிபதியிடம் இந்தக் கோட்டைப் பற்றி அறிந்து வாதாடுகிறாரா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

குற்றவியல் சொலிசிட்டரும் குடிவரவுச் சொலிசிட்டரும் அனேகமாக இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் பல வழக்குகளைக் கெடுத்திருக்கிறது. இருவருக்கும் மற்றவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கதைக்கச் சொல்லுங்கள். அகதி நேர்காணலில் சொன்ன திகதி ஒன்று, கிரவுன் நீதிமன்றத்தில் சொன்னது வேறொன்று என்றால் இரண்டு இடத்திலும் அடி விழும். ஏஜென்சி தானாக அனுப்பிவைக்கும் சட்டத்தரணியை ஏற்காதீர்கள். அவர் யாருடைய நன்மையைப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

நற்சான்றுக் கடிதம் எழுதுகிறவர்கள் "இவன் ஒரு பிழையும் செய்யாதவன்" என்று எழுதக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அது பாதகம். எவ்வளவு காலமாகத் தெரியும், என்ன வேலை செய்தார், யாரைப் பராமரித்தார், ஊரில் என்ன நடந்தது என்று எழுதட்டும். கோயில் தலைவரின் கடிதத்தைவிட, படிப்பித்த ஆசிரியரோ ஊர் வைத்தியரோ திகதியோடு எழுதும் அரைப் பக்கம் பெறுமதி.

தீர்ப்பில் சொல்லும் மாதம் முழுவதும் உள்ளே இருக்க வேண்டியதில்லை. விசாரணைக்கு முன் மறியலில் இருந்த நாட்களும் கழியும். ஆனால் விடுதலை நாளில் வாசலில் காருடன் போய் நிற்பதற்கு முன்னால் சிறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டனை முடிந்த பிறகும் குடிவரவுத் தடுப்பில் வைத்திருக்க அதிகாரம் இருக்கிறது. நேரே ஹார்மன்ஸ்வேர்த் அல்லது கோல்ன்புரூக் குடிவரவுத் தடுப்பு நிலையத்துக்கு ஏற்றிப்போய்விட்டார்கள் என்பதைச் சிறை வாசலில் நின்று அறிந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அங்கே பிணைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கிரவுன் நீதிமன்றத் தீர்ப்பையோ தண்டனையையோ எதிர்த்து மேன்முறையிட 28 நாள் இருக்கிறது. அது கடந்துவிட்டாலும் நீட்டிக்கக் கேட்கலாம். அதிலும் தோற்றவர்களுக்கும், நீதவான் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு வேறு வழி இல்லாதவர்களுக்கும் பர்மிங்ஹாமில் குற்ற வழக்கு மீளாய்வு ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. 31ஆம் பிரிவு தவறவிடப்பட்ட அகதிகளின் வழக்குகள் பலவற்றை அது மேன்முறையீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது குற்றப்பத்திரம், சொலிசிட்டரின் கடிதங்கள், முதல் அகதி நேர்காணலின் பிரதி, பிறகு அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தால் அந்தக் கடிதம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் பெரிய உதவி. வீடு மாறும்போது அந்தக் கோப்பை எறிந்துவிடாதீர்கள். தங்கையின் மகன் தன்னுடையதை இன்னும் என் வீட்டு அலுமாரியில்தான் வைத்திருக்கிறான்.